கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் – 9: மூன்று மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

சென்ற வாரம் அறை வாடகை வரம்பில் நிறுத்தியிருந்தேன். ஐயாயிரம் ரூபாய் அறைக்குத் தகுதி உள்ளவர் எட்டாயிரம் ரூபாய் அறையில் படுத்தால் மற்றக் கட்டணங்களும் எப்படி வெட்டுப்படுகின்றன என்பது நினைவிருக்கும். இந்த வாரம் நிராகரிப்புக் கடிதத்தைப் பிரித்துப் படிப்போம் என்றும் சொல்லியிருந்தேன். அதற்கான ஆவணங்களைப் புரட்டும்போது ஒரே ஒரு வரி குறுக்கே வந்து நின்றது. இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் அந்த வரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2024 மே 29 அன்று, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கான முதன்மைச் சுற்றறிக்கையை வெளியிட்டது. கேஷ்லெஸ் கோரிக்கை வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அது. டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம். இவ்வளவும் பலருக்குத் தெரியும், செய்தித்தாள்களில் வந்தது. என்னை நிறுத்தியது அடுத்து வருவது. மூன்று மணி நேரம் தாண்டி, அதனால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால், அந்தத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும்.

பங்குதாரர் நிதியிலிருந்து! இதை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். ஏனென்றால் இந்த ஒரு சொற்றொடர் இல்லாமல் போயிருந்தால் விதியே பல்லில்லாமல் போயிருக்கும். காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கில் இரண்டு பைகள் உண்டு. நாம் கட்டும் பிரீமியம் பாலிசிதாரர்களின் பொதுப் பைக்குப் போகிறது. க்ளெய்ம் எல்லாம் அதிலிருந்துதான் கொடுக்கப்படுகிறது. பங்குதாரர்களின் முதலும் லாபமும் இன்னொரு பை. தாமதத்தால் ஏறிய ஓர் இரவு வாடகையை முதல் பையிலிருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகும்? உங்கள் அப்பாவை ஒரு ராத்திரி வீணாகப் படுக்க வைத்ததற்கான செலவை நானும் நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அடுத்த ஆண்டு பிரீமியத்தில் கட்டியிருப்போம். தவறு செய்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. பாலிசியின் காப்பீட்டுத் தொகையும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. தாமதம் உன்னுடையது, பணமும் உன்னுடையதாக இருக்கட்டும் என்று முதலாளிகளின் பையைக் காட்டிவிட்டது ஆணையம். பொறுப்பு யாருடையது என்று பக்கம் பக்கமாக எழுதும் சட்டங்களைவிட, பணம் எந்தப் பையிலிருந்து போகும் என்று சொல்லும் இந்த வரி நேர்மையானது.

கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கா உதவும். சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதத்தை வாங்கும் முன் அனுமதி என்ற ஏற்பாட்டை உலகத்துக்குப் பழக்கியது அந்த ஊர்தான். அங்கே அரசு சார்ந்த காப்பீட்டுத் திட்டங்களுக்காக 2024 ஜனவரியில் ஒரு விதி வந்தது: அவசரக் கோரிக்கை என்றால் 72 மணி நேரத்துக்குள் பதில், சாதாரணக் கோரிக்கை என்றால் ஏழு நாட்களுக்குள். அதுவும் 2026 முதல்தான் நடைமுறை. அங்கே அதையே பெரிய சீர்திருத்தம் என்றார்கள். நமக்கு ஒரு மணி நேரம். காகிதத்தில் நாம் எங்கேயோ இருக்கிறோம்.

அப்படியானால் பெங்களூர் ஓசூர் ரோட்டில், எங்கள் சந்தாபுராவிலும் பொம்மசந்திராவிலும் டிஸ்சார்ஜ் நாளன்று ஏன் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறோம்?

சூர்யா நகரில் இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம். பையனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. தர்மபுரி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை, பையனுடைய கம்பெனி குரூப் பாலிசியில். இந்தப் பகுதியில் இதுதான் வழக்கமான கதை; ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் உடம்பு, இங்கே இருக்கும் பிள்ளையின் ஐடி கார்டை நம்பி ஓசூர் ரோட்டில் பஸ் ஏறுகிறது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து "வீட்டுக்குப் போகலாம்" என்றார். மத்தியானம் இரண்டரை மணிக்குப் பையனோடு நானும் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போனேன். டெஸ்க்கில் இருந்த பெண் ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். நல்ல மாதிரி, முகம் சுளிக்காமல் பேசினார்.

"டிபிஏலேர்ந்து அப்ரூவல் வரணும்ணா. வந்ததும் நானே கூப்பிடுறேன்." டிபிஏ என்பது காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் க்ளெய்ம்களைக் கையாளும் இடைநிறுவனம்.

"நீங்க அனுப்பி எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"இன்னும் அனுப்பலண்ணா. ஃபார்மசி கிளியரன்ஸ் வரல. ஃபைல் பில்லிங்ல நிக்குது."

நாலு மணிக்கு அனுப்பினார்கள். ஐந்து மணிக்குள் அனுமதி வந்துவிட்டது. அதாவது காப்பீட்டு நிறுவனம் தனக்குக் கொடுத்த மூன்று மணி நேரத்தில் ஒன்றைக்கூட முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை பத்திலிருந்து நாலு வரை போன ஆறு மணி நேரம் யார் கணக்கு? அந்த அழகான சுற்றறிக்கையில் இந்த ஆறு மணி நேரத்துக்கு இடமே இல்லை. மூன்று மணி நேரக் கடிகாரம் மருத்துவமனையின் கோரிக்கை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நொடியில்தான் ஓடத் தொடங்குகிறது. அந்தப் பொத்தானை அழுத்துவது மருத்துவமனை. அழுத்தும் வரை கடிகாரம் தூங்குகிறது.

இன்சூரன்ஸ் டெஸ்க் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் காப்பீட்டுக் கம்பெனி ஆள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலான இடங்களில் அவர் மருத்துவமனையிடம் சம்பளம் வாங்குகிறவர். கம்பெனி, டிபிஏ எல்லாம் அவருக்கும் நம்மைப் போலவே கணினித் திரைக்கு அந்தப் பக்கம்தான். காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த உதவி மேசையை மருத்துவமனைகளில் வைக்க ஏற்பாடு செய்யலாம் என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. ஓசூர் ரோட்டில் அப்படி ஒரு மேசையை நான் இதுவரை பார்க்கவில்லை.

சரி, முன் அனுமதி வாங்க வேண்டியது யார்? இந்தக் கேள்விக்கு விடை நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. கேஷ்லெஸ் கோரிக்கைப் படிவம் நாடு முழுக்க ஒரே மாதிரியானது. ஒரு பகுதி நோயாளி நிரப்புவது: பெயர், பாலிசி எண், வேறு காப்பீடு உண்டா, குடும்ப மருத்துவர் யார். அடுத்தது சிகிச்சை தரும் மருத்துவரும் மருத்துவமனையும் நிரப்புவது: என்ன நோய், எத்தனை நாளாக, என்ன சிகிச்சை, உத்தேசச் செலவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் எப்போதிலிருந்து. கடைசியில் இரண்டு உறுதிமொழிகள். நோயாளியின் உறுதிமொழி, பாலிசியில் வராத செலவை நான் கட்டுகிறேன் என்கிறது. மருத்துவமனையின் உறுதிமொழி இன்னும் கனமானது. இந்தப் படிவத்தில் உள்ள விவரத்துக்கும் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் முரண்பாடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தரப் பொறுப்பில்லை என்பதை மருத்துவமனை ஒப்புக்கொண்டு முத்திரை வைக்கிறது. ஒப்புக்கொண்ட பேக்கேஜ் கட்டணத்துக்கு மேல் நோயாளியிடம் வாங்க மாட்டோம் என்பதும் அதில் அடக்கம்.

ஆக, நெட்வொர்க் மருத்துவமனையில் நம் வேலை உண்மையைச் சொல்வது, கார்டைக் கொடுப்பது, கையெழுத்துப் போடுவது. மீதி அத்தனையும் மருத்துவமனை வேலை. ஆவணங்களை நோயாளியிடம் கேட்கக் கூடாது, மருத்துவமனையிடமிருந்தோ டிபிஏவிடமிருந்தோ காப்பீட்டு நிறுவனமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை இதை இன்னும் இறுக்கியது. இருந்தும், குவெரி வந்ததும் "சார், பழைய ஸ்கேன் ரிப்போர்ட் கேக்கறாங்க, ஊர்லேர்ந்து வாட்ஸாப்ல அனுப்பச் சொல்லுங்க" என்று பையனைத்தான் விரட்டுகிறார்கள்.

நெட்வொர்க்குக்கு வெளியே போனால் நிலைமை தலைகீழ். 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு மன்றம் எந்த மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் என்ற ஏற்பாட்டை அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் அதில் சொல்ல வேண்டிய கடமை நோயாளியின் தலையில் இருக்கிறது: திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்னதாக, அவசரம் என்றால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள். சந்தாபுரா சர்க்கிளைச் சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளில் சேரும்போது இதை மறக்காதீர்கள். நெட்வொர்க்கில் இல்லாத இடத்தில் டெஸ்க்கும் கிடையாது, நமக்காகப் பொத்தானை அழுத்த ஆளும் கிடையாது. ஃபோனை எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியது நாம்தான். அமெரிக்காவிலும் இதே பிரிவினைதான்: நெட்வொர்க்குக்குள் என்றால் அனுமதி வாங்குவது பெரும்பாலும் மருத்துவமனை பாடு, வெளியே என்றால் உறுப்பினர் பாடு. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பல ஒப்பந்தங்களில், நெட்வொர்க் மருத்துவமனை அனுமதி வாங்க மறந்தால் அந்த நஷ்டத்தை நோயாளி மேல் தள்ள முடியாது. இந்தப் பாதுகாப்பை நம் ஊர் ஒப்பந்தங்களிலும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன் அனுமதி என்ற இந்தச் சிக்கல் எப்போது பிறந்தது என்று பார்க்கப் போய் ஒரு முழு நாள் கழிந்தது. 1986-ல் அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்மைக் கொண்டுவந்தபோது முன் அனுமதி என்ற பேச்சே எழவில்லை. கையிலிருந்து கட்டு, பில்லை அனுப்பு, பணம் வரும்போது வரும். 2001-ல் டிபிஏக்களுக்கான விதிமுறைகள் வந்த பிறகுதான் கேஷ்லெஸ் பரவியது. அதோடுதான் அனுமதிக் காகிதமும் வந்தது. 2010 ஜூலையில் நான்கு அரசு நிறுவனங்களும், கட்டணம் அதிகம் என்று சொல்லி டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரில் பல பெரிய தனியார் மருத்துவமனைகளின் கேஷ்லெஸ் வசதியை ஒரே அடியாக நிறுத்தின. அதன் பிறகுதான் பேக்கேஜ் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்ட மருத்துவமனைகளின் பட்டியல் உருவானது. இரு தரப்பும் விலை பேசிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் கட்டிலில் இருந்தவர்கள் கடன் வாங்கி வீடு திரும்பினார்கள்.

ஆனால் முன் அனுமதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதற்குச் சான்று சந்தாபுராவிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்திலேயே இருக்கிறது. பொம்மசந்திராவில் நாராயணா ஹிருதயாலயாவை நிறுவிய டாக்டர் தேவி ஷெட்டியின் யோசனையில், கர்நாடகக் கூட்டுறவுத் துறை 2003 ஜூனில் யசஸ்வினி திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் விவசாயிக்கு மாதம் ஐந்து ரூபாய். முதல் ஆண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். காப்பீட்டு நிறுவனமே நடுவில் இல்லை. அறக்கட்டளை ஒன்று பணத்தை வைத்திருந்தது, ஒரு டிபிஏ அனுமதியை மட்டும் கவனித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்கு விலை முன்கூட்டியே நிர்ணயமாகியிருந்ததால் அனுமதி கேட்பதும் கொடுப்பதும் எளிதாக இருந்தது: சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, ஆள் உறுப்பினரா, அவ்வளவுதான். மண்டியாவிலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ சங்கத்தின் கடிதத்தோடு வந்த விவசாயிக்காக மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரே கோரிக்கை அனுப்பினார். 2018-ல் மாநில அரசின் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தோடு இணைக்கப்பட்டு யசஸ்வினி மறைந்தது. பிறகு 2022-ல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. இதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும், எழுதுவேன்.

அதே நாராயணா குழுமம் 2024-ல் தானே ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. முதல் பாலிசியின் பெயர் அதிதி; மைசூர்ப் பகுதியில் தொடங்கினார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய், அறுவை சிகிச்சைக்கு ஒரு கோடி வரை, மற்ற சிகிச்சைக்கு ஐந்து லட்சம் வரை என்று அறிவிப்பு. அறுவை சிகிச்சை செய்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே வீடு. அமெரிக்காவில் கைசர் பெர்மனென்ட்டே 1945 முதல் பொதுமக்களுக்கு இப்படித்தான் நடத்துகிறது. இந்த ஏற்பாட்டில் ஃபைல் பில்லிங்கில் நின்றாலும் டிபிஏவில் நின்றாலும் பழி ஒரே முகவரிக்குத்தான் போகும். அந்த மட்டில் எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால், "இந்த சிகிச்சை தேவைதான், பணம் கொடு" என்று காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாட இன்றைக்கு நோயாளிக்கு இருக்கும் ஒரே துணை மருத்துவர்தான். அவரும் அதே வீட்டுக்காரராகிவிட்டால் நோயாளிக்காக யார் பேசுவார்? இதற்கான விடை சில ஆண்டு அனுபவத்தில்தான் தெரியும்.

இன்சூரன்ஸ் கார்டு இல்லாதவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ. உறுப்பினர். தனியார் மருத்துவமனையில் உயர் சிகிச்சை வேண்டுமானால் இ.எஸ்.ஐ. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஆயுஷ்மான் பாரத்–ஆரோக்கிய கர்நாடகா அட்டை வைத்திருப்பவருக்கு, அவசரம் அல்லாத உயர் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும். இங்கே கணினியில் அனுமதி கேட்பது மருத்துவமனைதான். ஆனால் அந்தப் பரிந்துரைக் காகிதத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்து அலைவது நோயாளி. கம்பெனி பாலிசிக்காரர் ஆறு மணி நேரம் காத்திருப்பதைப் பற்றி இவ்வளவு எழுதும் நான், இவர்களுடைய காத்திருப்பைத் தனியாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆறு மணி நேரத்துக்குத் திரும்புகிறேன். அந்த இடைவெளி ஏன் அப்படியே கிடக்கிறது? ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் அதிகாரம் காப்பீட்டு நிறுவனங்கள் மேல். மருத்துவமனைக்கு அது நேராக ஆணையிட முடியாது. மருத்துவமனை மாநில அரசின் கையில், இங்கே 2007-ன் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தை 2017-ல் திருத்த முனைந்தபோது மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். திருத்தம் மென்மையாக்கப்பட்டாலும் சில நல்ல விஷயங்கள் தப்பிப் பிழைத்தன. நோயாளி இறந்துவிட்டால் பாக்கிப் பணத்துக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது, பணத்தைப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. 2024 சுற்றறிக்கையும் சிகிச்சையில் இருக்கும் பாலிசிதாரர் இறந்தால் உடனே க்ளெய்மை முடித்து உடலை விடுவிக்க வழி செய்யும்படி காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துகிறது. ஆக, இறந்தவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் காவல் இருக்கிறது. உயிரோடு நடந்து வெளியே போக வேண்டியவருக்கு ஒரு பக்கம்தான்.

மருத்துவமனைகளால் முடியாத காரியமும் அல்ல இது. என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் கணக்கு வைக்க வேண்டிய தர அளவீடுகளில் டிஸ்சார்ஜுக்கு ஆகும் நேரமும் ஒன்று. மருத்துவர் "போகலாம்" என்று சொன்ன நேரத்திலிருந்து நோயாளி வார்டை விட்டுப் போகும் நேரம் வரை. அதாவது அந்த ஆறு மணி நேரம் எங்கோ ஒரு பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது! அதை நோயாளியிடம் காட்டச் சொல்ல ஒரு அரசாணை போதும். டிஸ்சார்ஜ் என்று மருத்துவர் எழுதிய நேரம், இறுதிக் கோரிக்கை அனுப்பிய நேரம், அனுமதி வந்த நேரம் ஆகிய மூன்றும் ஃபைனல் பில்லில் அச்சாக வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையில் ஏறும் வாடகை மருத்துவமனையின் பாடு, கடைசி இரண்டுக்கும் இடையில் மூன்று மணி நேரம் தாண்டி ஏறுவது காப்பீட்டு நிறுவனத்தின் பங்குதாரர் பாடு. கர்நாடக சுகாதாரத் துறை இதைச் செய்யலாம். ஓசூர்க்காரர்களுக்காகத் தமிழ்நாடும் செய்யலாம்; மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டியதும் சட்டம் மாறுகிறது, காத்திருப்பு மாறுவதில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெஸ்க்கில் போய் "அப்ரூவல் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?" என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் யார் மேசையில் நிற்கிறது என்று கேட்டு அங்கே போங்கள். அனுப்பியாகிவிட்டது என்றால் கோரிக்கை எண்ணை வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே ஃபோன் போட்டு, போய்ச் சேர்ந்த நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நேரம் கையில் இருந்தால்தான் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏறிய வாடகையை யார் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்க முடியும்.

நிராகரிப்புக் கடிதம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரியை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்: முன் அனுமதி மறுப்பு என்பது சிகிச்சை மறுப்பும் அல்ல, க்ளெய்ம் மறுப்பும் அல்ல. கட்டிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. கூடவே, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கட்டணமில்லாமல் கேட்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரைப் பற்றியும் பார்ப்போம். பெங்களூரில் அவர் அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது. சர்க்கரை எத்தனை வருடமாக என்ற கட்டத்தில் மருத்துவர் அவசரமாகக் கிறுக்கும் ஒரு எண் எத்தனை க்ளெய்ம்களைக் கவிழ்க்கிறது என்பதும் அடுத்த வாரம்தான்.

கடந்த ஓராண்டில் கேஷ்லெஸ் முறையில் டிஸ்சார்ஜ் ஆனவர்கள் இந்த மூன்று நேரங்களையும் இதழின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், நோய் வேண்டாம், மருத்துவமனைப் பெயரும் வேண்டாம். டாக்டர் போகலாம் என்ற மணி, கோரிக்கை போன மணி, அனுமதி வந்த மணி. வந்து சேர்வதைத் தொகுத்து சுகாதாரத் துறைக்கு ஒரு மனுவோடு அனுப்பப் போகிறேன்.